புள்ளிக் கோட்டில் ஒரு ஏரி

இல்லாத ஊருக்கு ஒரு மேப் வேண்டும் என்று அந்த டீச்சர் வந்து கேட்டபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது போலீஸ்தான்.

காரணம் இருக்கிறது. அப்போது நான் கடலூரில் மனைப்பிரிவு வரைபடம் போட்டுத் தரும் ஆபீஸ் ஒன்றில் வேலை பார்த்தேன். யாராவது ஒருத்தர் வயலை வாங்கிப் போடுவார். அதை மனைமனையாகப் பிரித்து, நடுவில் ரோடு விட்டு, எதற்கும் உதவாத மூலையைப் பூங்கா என்று காட்டி, ‘நகர்’ என்று முடிகிற பெயர் ஒன்றை மேலே எழுதித் தருவது எங்கள் வேலை. நான் ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கோடு மட்டும் நேராக வரும். அதை வைத்துக்கொண்டு உள்ளே நுழைந்து, ஸ்கேல் போடவும் சர்வே நம்பர் படிக்கவும் பழகிக்கொண்டேன். ஆனாலும் பயம் விடவில்லை. வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போவேன், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன், மறுபடி போவேன். அந்த மாதிரி ஆள்.

அந்த வருஷங்களில் இல்லாத மனையை விற்கிறவர்கள் நிறைய பேர் கிளம்பியிருந்தார்கள். கலர் மேப்பைக் காட்டி, துபாயில் இருக்கிறவன் தலையில் கட்டிவிடுவார்கள். அவன் லீவில் வந்து பார்த்தால் பூங்கா என்று போட்ட இடத்தில் உப்பங்கழி இருக்கும், கொக்கு நிற்கும். அவர்களாவது மனையைத்தான் இல்லாததாக விற்றார்கள். இந்த அம்மா ஊரையே இல்லாததாகக் கேட்கிறாரே என்று நினைத்தேன்.

“எதுக்கு மேடம்?” என்றேன்.

“கதைக்கு.”

முதுநகரில் ஒரு பள்ளிக்கூடத்தில் சமூக அறிவியல் எடுக்கிறவர். மெல்லிய சங்கிலி, அதில் சின்னதாக ஒரு சிலுவை. பிள்ளைகளுக்கு ஒரு கதை எழுதிக்கொண்டிருக்கிறாராம், அதைத் தானே புத்தகமாகப் போடப் போகிறாராம். கதை நடக்கிற ஊரில் மார்கழி பிறந்தால் ஏரி எழுந்து நடக்க ஆரம்பிக்கும். மெதுவாக, மாடு மேய்கிற மாதிரி. தை பிறக்கும்போது ஊரின் இன்னொரு பக்கம் போய் உட்கார்ந்துகொள்ளும். அதோடு மீனும் போகும், கரையில் இருக்கிற பனைமரமும் போகும்.

“ஏரி எப்படி மேடம் நடக்கும்?”

“அது என் பாடு. நடக்குற ஏரிய பிள்ளைங்க நம்பணும்னா, நடக்காத மத்ததெல்லாம் கரெக்டா இருக்கணும். அதுக்குத்தான் உங்ககிட்ட வந்தேன்.”

மூலையில் ‘கற்பனை ஊர்’ என்று எழுதிவிடுகிறேன் என்று சொன்னேன். கூடாது என்றார். “எழுதிட்டா எவன் நம்புவான்?”

நான் பயந்ததும் அதற்குத்தான். சரி, ஊருக்குப் பெயராவது சொல்லுங்கள் என்றேன். பெயரும் இல்லையாம். அந்த ஊர்க்காரர்கள் வெளியே எங்கேயும் போனதே இல்லை, அதனால் தங்கள் ஊருக்குப் பெயர் வைக்க வேண்டிய அவசியம் அவர்களுக்கு வரவில்லையாம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. நன்றாக இருந்ததால் சந்தேகம் ஜாஸ்தியானது. ஏமாற்றுகிறவர்கள்தான் நன்றாகப் பேசுவார்கள்.

பின்னே ஏன் ஒத்துக்கொண்டேன் என்றால், அந்த மார்கழியில் எனக்கு சாயங்காலங்கள் காலியாக இருந்தன. மனைவி தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். சிதம்பரத்திலிருந்து பஸ் ஏறிப் போகிற கிராமம். இரண்டாயிரத்துப் பத்து கடைசி அது. தனியாக இருந்தால் நான் என்னென்னவோ யோசிப்பேன். குழந்தைக்குக் கழுத்தில் கொடி சுற்றியிருக்குமோ, ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் வண்டி நின்றுவிடுமோ என்று ஓடும். அதற்கு இல்லாத ஊரின் தெருவை யோசிப்பது தேவலை.

முதல் மேப்பை நான்கே சாயங்காலத்தில் முடித்துவிட்டேன். டீச்சர் அதை விரித்துப் பார்த்தார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

“கார்னர் பிளாட் எவ்ளோ சொல்றாங்க?”

எனக்குப் புரியவில்லை.

“தெருவெல்லாம் ஒரே அகலத்துல இருக்கே. கோயிலுக்கு முன்னாடி நாலு பக்கமும் நாற்பதடி ரோடு. இந்த ஊர்ல மனுஷன் பொறந்து வளர்ந்த மாதிரி தெரியலீங்க. நேத்துதான் கிரயம் பண்ணிட்டுக் குடி வந்த மாதிரி இருக்கு.”

அப்புறம் கேள்விகளாகக் கேட்டார். ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் எந்தப் பக்கம் போகும்? செத்தவரை எந்த வழியாக எடுத்துப் போவார்கள்? கல்யாண ஊர்வலம் அதே வழியில் போகுமா? நெல் எங்கே காயும்? கடைசியாக, விரலால் ஊரை ஒரு சுற்று சுற்றிவிட்டுச் சாதாரணமாகத்தான் சொன்னார்: “எங்கப்பா பொறந்த இடத்தை நீங்க போடவே இல்லியே.”

“உங்கப்பா எந்த ஊரு மேடம்?”

“ஊருன்னு இல்ல. எல்லா ஊர்லயும் அந்த இடம் இருக்கும். வாய்க்காலுக்கு அந்தாண்ட. காலனி.”

காது சூடாகிவிட்டது எனக்கு. மேப்பைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வேறு வழி தெரியவில்லை. நிஜமான ஊர் ஒன்றைப் பார்த்துத்தான் பொய்யான ஊரை வரைய வேண்டும். வாரக் கடைசியில் எப்படியும் மனைவியைப் பார்க்கப் போகிறேன். சார்ட் இரண்டும் பென்சிலும் பேனாவும் கூட எடுத்துக்கொண்டால் ஆயிற்று என்று நினைத்தேன். ஊரை அப்படியே வரையக் கூடாது, எதற்குப் பக்கத்தில் எது இருக்கிறது என்பதை மட்டும் பிடிக்க வேண்டும். இவ்வளவுதான் என் திட்டம். யோசித்துப் பார்த்தால் நான் எத்தனையோ வீண் விஷயத்துக்குப் பயந்திருக்கிறேன். பயப்பட வேண்டிய இந்த ஒன்றுக்கு மட்டும் பயப்படவில்லை.

மார்கழியில் அந்தப் பக்கத்து ஊர்கள் வேறு மாதிரி இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையெல்லாம் கொட்டி ஓய்ந்திருக்கும். ஏரி தளும்பும். சம்பா கதிர் விட்டு நிற்கும். விடியற்காலம் கோயில் ஸ்பீக்கர் பாட ஆரம்பிக்கும்போது வாசலுக்கு வந்தால் எதிர்வீடு தெரியாது, அவ்வளவு பனி. கோடையில் வரப்பு மேலேயே நடந்து குறுக்கே பத்து எட்டில் போகிற இடத்துக்கு இப்போது ஊரைச் சுற்றித்தான் போக வேண்டும். வரப்பில் கால் வைத்தால் முழங்கால் வரை உள்ளே போகும். கோடையில் வழி என்று நினைத்ததெல்லாம் வழியே இல்லை, மார்கழியிலும் எது காய்ந்து கிடக்கிறதோ அதுதான் வழி என்று அப்போதுதான் தெரிந்தது. முதலில் கட்டின வீடுகளெல்லாம் மேட்டில் இருந்தன. கோயில் அதைவிட ஒரு படி மேலே. சுடுகாட்டுப் பாதை ஏரிக்கரையை ஒட்டியே வளைந்து போனது, ஏனென்றால் மழைக்காலத்திலும் சாவு விழும். ஊர் ஏன் கோணல்மாணலாக இருக்கிறது என்பதை நான் தண்ணீரைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன். தண்ணீர் நிற்காத இடத்தில் மனுஷன் நின்றிருக்கிறான், அவ்வளவுதான்.

சனிக்கிழமை விடியலிலிருந்து நடந்தேன். மதகு, மிச்சத் தண்ணீர் வழிகிற கலங்கல், களம், மோட்டார் கொட்டாய், பால் ஊற்றுகிற இடம் என்று எல்லாவற்றையும் பார்த்தேன். நின்று நின்று குறித்துக்கொண்டேன். தூரம் தெரிவதற்காக எட்டு வைத்து அளந்தேன். பனிக்குள்ளிருந்து ஆட்கள் திடீரென்று வருவார்கள். பல் குச்சியோடு நின்று பார்ப்பார்கள்.

“என்னா மாப்ள, காலையிலயே?”

“சும்மா நடை.”

“நடைக்கு எதுக்குப் பேப்பரு?”

சிரித்து வைத்தேன். அந்தச் சிரிப்புதான் என்னைக் கெடுத்திருக்க வேண்டும்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த ஊருக்கு வடக்கே, ரோட்டோரம், இரண்டு வருஷம் முன்னால் யாரோ ஒரு புரமோட்டர் வயலை வாங்கி, லாரி லாரியாக மண் அடித்து மேடாக்கி, மஞ்சள் கல் நட்டு ‘நகர்’ ஆக்கியிருந்தார். அது எங்கள் ஆபீஸ் போட்டது இல்லை. அந்த மண்ணுக்கு அடியில் ஒரு வடிகால் வாய்க்கால் இருந்தது. அது அடைபட்டதிலிருந்து மழை பெய்தால் பக்கத்து வயல்களில் தண்ணீர் வடிவதே இல்லை, பயிர் அழுகும். அதனால் மிச்சம் இருக்கிறவர்கள் எல்லாரும் கூடி, எவன் வந்து கேட்டாலும் நிலம் தருவதில்லை என்று பேசி வைத்திருந்தார்கள். கோயிலில் நின்று முதலில் கற்பூரத்தை அணைத்து வாக்குக் கொடுத்தவர் என் மாமனார். அவருக்கு ரோட்டை ஒட்டி நிலம். புரோக்கர்கள் அவரைத்தான் சுற்றிச் சுற்றி வந்தார்கள்.

அப்படிப்பட்டவர் வீட்டு மருமகன், மனை பிரிக்கிற ஆபீஸில் வேலை பார்க்கிறவன், விடியலில் பனிக்குள் ஊரை எட்டு வைத்து அளக்கிறான். யாருக்குத்தான் சந்தேகம் வராது?

ஞாயிற்றுக்கிழமை காலை இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மச்சான் உள்ளே வந்தான். மனைவியின் தம்பி. சிதம்பரத்தில் செல்போன் கடையில் இருக்கிறான், வாய் ஜாஸ்தி.

“மச்சான், கை கழுவிட்டு வெளிய வாங்க. உங்களப் பாக்க ஊரே வந்துருக்கு. மாலை மட்டும்தான் எடுத்துட்டு வரல.”

வெளியே ஐந்தாறு பேர் நின்றார்கள். மாமனார் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் மடியில் என் சார்ட். நான் அறையில் சுருட்டி வைத்திருந்ததை யார் எடுத்துக் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. கேட்கவும் தைரியம் வரவில்லை.

அதைச் சிமெண்ட் தரையில் விரித்து, நாலு மூலைக்கும் செருப்பை வைத்தார்கள்.

சனிக்கிழமை மதியம் முழுக்க உட்கார்ந்து அதை நான் நன்றாகவே வரைந்திருந்தேன். அந்த ஊர் மாதிரி இருக்கக் கூடாது என்று கோயிலை மட்டும் கொஞ்சம் தள்ளி வைத்திருந்தேன். ஆனால் கை பழகினது பழகினபடிதான் போகும். அப்போதுதான் பார்த்தேன், மேலே வடக்கு அம்புக்குறி எங்கள் ஆபீஸ் பாணியிலேயே விழுந்திருந்தது. கீழே ஸ்கேல்.

“இது நம்ம களம்தான?” என்றார் ஒருவர்.

“ஆமாம், பக்கத்துல பூவரசுகூடப் போட்டுருக்கான் பாரு.”

“என் மோட்டார் கொட்டாயக் காணோம்,” என்றார் இன்னொருவர். குனிந்து, தேடி, மறுபடி தேடினார். “மாப்ள, எல்லாருதும் இருக்கு, என்னுது எங்க? இடிக்கப் போறீங்களா?”

“ஐயோ இல்லீங்க, விட்டுப்போச்சு.”

“விட்டுப்போச்சா? கரண்ட் கம்பி போட்டுருக்கீங்க, கொட்டாய் மட்டும் விட்டுப்போச்சா?”

அந்தக் கொட்டாய் இருந்த இடத்தில் நான் டீச்சருக்காக ஒரு ஆலமரம் போட்டிருந்தேன். அதை இப்போது எப்படிச் சொல்வது?

அதற்குள் அவர்களில் கொஞ்சம் இளவட்டமாக இருந்த ஒருவர் உட்கார்ந்து, விரலால் ஏரியைத் தொட்டார். ஏரிக்கரையைக் கருப்பு மையில் போட்டிருந்தேன். அங்கிருந்து தெற்கே, வயலுக்கு மேல், ஒன்றன்பின் ஒன்றாக ஏரியின் வடிவத்தையே புள்ளிக் கோட்டில் போட்டிருந்தேன். மார்கழியில் ஏரி நடந்து போகிற வழி அது. கடைசிப் புள்ளிக்கோடு மாமனாரின் நிலத்தில் போய் நின்றது.

“புள்ளி போட்டா என்னா அர்த்தம்னு தெரியுமா?” என்று அவர் மற்றவர்களைப் பார்த்துக் கேட்டார். “வடக்கால நகர் போட்டானே, அந்த போர்டுல பார்த்தேன். இருக்குற ரோடு கோடு. வரப்போற ரோடு புள்ளி. உத்தேசம்னு பக்கத்துல எழுதியிருந்தான்.”

எனக்கே தூக்கிவாரிப் போட்டது. ஆமாம், ஆபீஸில் அப்படித்தான். வரப்போவதைப் புள்ளியில் காட்டு என்று எனக்குச் சொல்லித்தந்ததே அங்கேதான். யோசிக்காமல் கை போட்டுவிட்டது.

“அப்போ ஏரியத் தூர்த்துட்டு, இங்க ஒரு குட்டை வெட்டப் போறான்,” என்றார் கொட்டாய்க்காரர். “ஏரி நடுவுல நகரு. ஏரி வியூ.”

“ஏரி வியூன்னா ரேட் ஜாஸ்தி,” என்றான் மச்சான். அவன் கிண்டலாகத்தான் சொன்னான். யாரும் சிரிக்கவில்லை.

“இது கதைங்க,” என்றேன். “முதுநகர்ல ஒரு டீச்சர் கதை எழுதுறாங்க. அந்தக் கதையில ஏரி நடக்கும். அது நடக்குற வழிதான் புள்ளி.”

சொல்லும்போதே என் காதில் அது எவ்வளவு கேவலமான பொய்யாகக் கேட்டது என்று எனக்குத் தெரிந்தது.

“ஏரி நடக்கும்,” என்றார் மாமனார் மெதுவாக.

“ஆமாம் மாமா.”

“நடந்து என் நெலத்துல வந்து உக்காரும்.”

“உங்க நெலம் இல்ல மாமா. இது வேற ஊரு. இல்லாத ஊரு.”

“அந்த இல்லாத ஊருக்குப் பேரு?”

“பேரு இல்ல.”

“பேர எழுதலன்னா மறைக்கிறான்னு அர்த்தம்,” என்றார் இளவட்டம். “கதைன்னா கதைன்னு எங்கனா எழுதியிருக்கணுமே. எங்க எழுதியிருக்கு?”

எங்கேயும் எழுதியிருக்கவில்லை. எழுதக் கூடாது என்றுதானே டீச்சர் சொல்லியிருந்தார்.

மனைவி வாசல்படியில் வந்து நின்றாள். இடுப்பில் ஒரு கை, நிலைக்கதவில் ஒரு கை. “ஏங்க, கேக்குறாங்க இல்ல, உண்மையச் சொல்லிடுங்க,” என்றாள். எல்லாருடைய சந்தேகத்தையும் தாங்கிக்கொண்டிருந்த எனக்கு அந்த ஒரு வார்த்தைதான் தாங்கவில்லை. உண்மையைச் சொல்லிடுங்க என்றால், இதுவரை சொன்னது பொய் என்று அவளும் நினைத்துவிட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது. தேவனாம்பட்டினத்தில் அவள் சித்தி வீடு. சுனாமிக்குப் பிறகு யார் யாரோ மேப்போடு வந்து, கோடு போட்டு, கோட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கலாம், அந்தப் பக்கம் இருக்கக் கூடாது என்று சொன்னதை அவள் கூட இருந்து பார்த்திருக்கிறாள். மேப் என்றாலே யாரையோ கிளப்புவதற்குத்தான் என்பது அவள் கண்டது.

மாமனார் எழுந்தார். சத்தம் போடவில்லை. அவர் சத்தம் போட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

“மாப்ள, நான் கற்பூரத்துல கை வச்சவன். என் வூட்டுலேர்ந்தே இது கெளம்புச்சுன்னா நான் இந்தத் தெருவுல எப்படி நடக்குறது? நீங்க இன்னிக்கே கெளம்புங்க. புள்ள பொறந்தா சேதி சொல்லி அனுப்புறோம். அதுக்கு முன்னாடி இங்க வர வேணாம். அப்புறமும் வரணுமான்னு அப்போ பாத்துக்கலாம்.”

முதல் குழந்தை. அது பிறக்கும்போது நான் வெளியே ஒரு பெஞ்சிலாவது உட்கார்ந்திருக்க வேண்டும் என்று எத்தனை நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு ஏரியை நடக்கவிட்டதற்காக அது போகப் போகிறது.

“டீச்சர்கிட்ட நீங்களே பேசுங்க மாமா,” என்று செல்லை எடுத்தேன். மச்சான் வாங்கி ஸ்பீக்கரில் போட்டான்.

டீச்சர் சர்ச் முடிந்து வெளியே வந்திருப்பார் போல, பின்னால் ஒரே சத்தம். நான் விஷயத்தைச் சொல்லி, கதையை இவர்களுக்குக் கொஞ்சம் சொல்லுங்கள், நம்ப மாட்டேன் என்கிறார்கள் என்றேன்.

பின்னால் இருந்த சத்தம் குறைந்தது, தள்ளி வந்து நின்றார் போல.

“யார் யாரு இருக்காங்க அங்க?” என்றார்.

“ஊர்க்காரங்க மேடம்.”

“ஊர்க்காரங்களுக்கு எதுக்குங்க என் கதை? இன்னும் அச்சுக்கே போகல. உங்ககிட்ட வரையத்தான கொடுத்தேன், கூட்டம் போட்டுச் சொல்லவா கொடுத்தேன்? முடிவு யாருக்குமே தெரியாது, நான் சொல்லவும் மாட்டேன்.”

“மேடம், முடிவு வேணாம், ஏரி நடக்கும்னு மட்டும்…”

“அதையும் சொல்லிட்டீங்களா!”

வைத்துவிட்டார்.

மச்சான் செல்லை என்னிடம் நீட்டினான். முகத்தில் புதுசாக ஒரு குழப்பம். “அப்பா,” என்றான், “நெலம் வாங்குறவனா இருந்தா ஆளு வச்சாவது நைசா பேசியிருப்பான். இந்தம்மா நம்மளத் திருடன்னு சொல்லுது.”

கொட்டாய்க்காரர் தாடையைத் தேய்த்தார். “கதைய ஒளிக்கிறாங்களா, நெலத்த ஒளிக்கிறாங்களா, எப்படித் தெரியும்?”

“தெரியாது,” என்றார் மாமனார். அவர் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார். ரொம்ப நேரம் சார்ட்டையே பார்த்தார். அப்புறம் கேட்டார்: “இல்லாத ஊருன்றீங்க. அப்போ இது எங்க ஊரு மாதிரி இருக்கணும்னு கட்டாயம் இல்லியே?”

“இல்ல மாமா.”

“வேற பேப்பர் இருக்கா?”

இருந்தது. பையில் இன்னொன்று சுருட்டி வைத்திருந்தேன்.

“எங்க எதிர்லயே வரைங்க. எங்க ஊரு எதுவும் அதுல இருக்கக் கூடாது.”

அப்படித்தான் அந்தக் காலை முழுக்கப் போனது. நான் தரையில் குப்புறப் படுத்து வரைய, என்னைச் சுற்றி ஐந்தாறு பேர் குந்தி உட்கார்ந்து, போலீஸ் ஸ்டேஷனில் கைரேகை எடுக்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏரியை மேற்கே போடு என்றார் ஒருவர். போட்டேன். “மேக்கால ஏரின்னா கலங்கல் இங்க வராது,” என்றார் இன்னொருவர், “பள்ளம் கெழக்க இருக்கே, தண்ணி மேட்டுல ஏறுமா?” கலங்கலை மாற்றினேன். கலங்கல் மாறியதும் களம் தண்ணீரில் நின்றது. களத்தைத் தூக்கினேன். களம் போன இடத்தில் கோயில் இருந்தது. கோயிலைத் தூக்கினால் தேர் எந்தத் தெருவில் திரும்பும் என்று கேட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் சண்டை வந்தது. மாமியார் வந்து டீ வைத்துவிட்டு, ஒரு நிமிஷம் நின்று பார்த்து, “கொளத்துக்குப் போற வழியில சாராயக்கடைய வச்சா பொம்பளைங்க எப்படிப் போவாங்க?” என்று கேட்டுவிட்டுப் போனார். சாராயக்கடை என்று ஒன்றை நான் போடவே இல்லை. அது ஒரு பெட்டிக்கடை. இருந்தாலும் தள்ளி வைத்தேன்.

பாதியில் இளவட்டம் திடீரென்று கையை நீட்டித் தடுத்தார். “நிறுத்து. இது கீழூரு மாதிரி வருது. நாம நம்ம ஊர ஒளிச்சிட்டு அவுங்க ஊரக் காட்டிக் கொடுத்தோம்னு நாளைக்குச் சொல்லுவான்.” எல்லாருக்கும் அது நியாயமாகப் பட்டது. மறுபடி அழித்தேன். ரப்பர் தேய்ந்து விரல்தான் மிச்சம்.

எந்த ஊர் மாதிரியும் இருக்கக் கூடாது, ஆனால் தண்ணீர் சரியாகப் போக வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் அவர்கள் என்னை வைத்துக் கசக்கிவிட்டார்கள். கொட்டாய்க்காரர் மட்டும், “என் கொட்டாய் மாதிரி ஒண்ணு எங்கனா ஒரு மூலையில இருக்கட்டும், பேரு போடாத,” என்று மெதுவாகச் சொன்னார். போட்டேன்.

ஒன்றைக் கவனித்தேன். ஏரி இடம் மாறியது, கோயில் இடம் மாறியது, சுடுகாடு மூன்று தடவை மாறியது. ஒவ்வொன்றுக்கும் வாய்ச்சண்டை. காலனி எங்கே என்று நான் கேட்டபோது மட்டும் சண்டை இல்லை. எல்லாக் கையும் ஒரே பக்கம் நீண்டது, வாய்க்காலுக்கு அந்தாண்ட. யாருக்கும் அதில் யோசிக்க எதுவும் இல்லை. நான் எதுவும் பேசாமல் அந்த இடத்தில் வரைந்தேன். என் நிலைமையில் பேச எனக்கு வாய் ஏது?

புள்ளிக் கோடு வந்தபோது மட்டும் மாமனாரே பேசினார். “ஏரி நடக்குதுன்னீங்களே, அது போற வழியில எவன் வெள்ளாமையும் இருக்கக் கூடாது. பொறம்போக்கு மேலேயே போவட்டும்.”

“புறம்போக்கு அவ்ளோ நீளமா எந்த ஊர்லயும் இருக்காதே மாமா.”

“இல்லாத ஊர்லகூட ஏழை நெலத்துலதான் போவணுமா? போடுங்க சொல்றேன்.”

போட்டேன். முடிந்ததும் பழைய சார்ட்டை அவரே சுருட்டி ரப்பர் பேண்டு போட்டு உள்ளே எடுத்துப் போய்விட்டார். பீரோ சாத்துகிற சத்தம் கேட்டது. கிழிக்கவும் இல்லை, திருப்பித் தரவும் இல்லை. சாட்சியாக வைத்துக்கொண்டார் போல. வந்தவர்கள் கலைந்தார்கள். என்னை நம்பினார்களா என்றால், அப்படித் தெரியவில்லை. கையில் இருக்கிற காகிதத்தில் தங்கள் ஊர் இல்லை, அது வரைக்கும் நிம்மதி.

“சாப்பிட்டுட்டுப் போங்க,” என்றார் மாமனார். வர வேண்டாம் என்று சொன்னதை வாபஸ் வாங்கவில்லை. மனைவி சோறு போடும்போது குனிய முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டாள். “நெஜமாவே கதையா?” என்றாள். ஆமாம் என்றேன். “அந்த டீச்சருக்கு என்னா வயசு?” என்றாள். அவளுக்கு அது வேறு ஒரு சந்தேகம்.

கடலூர் திரும்பி டீச்சரிடம் புது மேப்பைக் கொடுத்தேன். அவர் கோபம் இறங்கவில்லை, உட்காரச் சொல்லவும் இல்லை. மேப்பைப் பார்க்கப் பார்க்க முகம் மட்டும் மாறிக்கொண்டு வந்தது. வாய்க்கால் மேல் விரலை வைத்து, கலங்கல் வரை இழுத்துக்கொண்டு போனார்.

“இத நீங்க மட்டும் போடல,” என்றார்.

இல்லை என்றேன்.

விரல் வாய்க்காலைத் தாண்டிப் போய் நின்றது. “இத மட்டும் யாரும் மாத்தச் சொல்லியிருக்க மாட்டாங்களே?”

அதற்கும் இல்லை என்றேன். அவர் சிரித்த மாதிரி இருந்தது. சிரிப்பு என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. ஏரி போகிற வழியைப் பார்த்து, “அட, புறம்போக்குலயே போகுதே, இது நல்லா இருக்கு, இத நான் யோசிக்கல,” என்றார். உடனே, “கதையில அவுங்களுக்குப் பங்கு கிங்குன்னு எதுவும் பேசிட்டு வரலியே?” என்று கேட்டார்.

அதற்கப்புறம் நாட்கள் எப்படிப் போயின என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். ஊருக்குப் போகக் கூடாது. போன் பண்ணினால் மனைவி பேசுவாள், பேசும்போது பின்னால் யாரோ இருமுவார்கள், நல்லா இருக்கேன் என்று வைத்துவிடுவாள். சேதி சொல்லி அனுப்புறோம் என்றால் பிறந்த அன்றைக்கா, பிறந்து பதினாறு நாள் கழித்தா? ஒருவேளை சொல்லாமலே விட்டுவிட்டால்? செல்லில் டவர் இருக்கிறதா என்று ஆபீஸில் பார்த்தபடியே இருந்தேன். முதலாளி நான் வேறு இடத்தில் வேலை தேடுகிறேன் என்று சந்தேகப்பட்டார்.

பொங்கல் கழிந்து ஒரு மத்தியானம் மச்சான் கூப்பிட்டான். “மச்சான், சிதம்பரம் ஆஸ்பத்திரிக்கு வாங்க. உள்ள கொண்டு போயிட்டாங்க. அப்பாதான் உங்களுக்குச் சொல்லச் சொன்னாரு.” இன்னும் பிறக்கவில்லை. பிறப்பதற்கு முன்னாலேயே சொல்லச் சொல்லியிருக்கிறார். பஸ்ஸில் எனக்கு உட்கார முடியவில்லை, சீட் இருந்தும் நின்றுகொண்டே போனேன்.

வாசலில் மாமனார் நின்றிருந்தார். வேட்டி கசங்கி, கண் சிவந்து. வாங்க என்று சொல்லவில்லை. என் பையை வாங்கினார். ஜிப்பைத் திறந்து உள்ளே கையை விட்டுத் துழாவினார். துண்டு, சோப்பு டப்பா, மனைவிக்கு வாங்கின ஆரஞ்சு. ஒவ்வொன்றாகத் தள்ளி அடி வரைக்கும் பார்த்தார். அப்புறம் என் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்துத் தன் பையில் செருகிக்கொண்டார்.

“பொண்ணு,” என்றார். “இப்பதான். ரெண்டு பேரும் சொகமா இருக்காங்க.”

மாடியில் நர்ஸ் ஒரு காகிதத்தை நீட்டி, அப்பா யாரு, கையெழுத்துப் போடுங்க என்றாள். நான் சட்டைப் பையைத் தடவினேன். மாமனார் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். என் தோளுக்கு மேல் குனிந்து, நான் கையெழுத்தைத் தவிர வேறு எதுவும் போடவில்லை என்பதைப் பார்த்துக்கொண்டார். பேனாவைத் திரும்ப வாங்கி மூடிப் பையில் வைத்தார். அதற்கப்புறம்தான் துணியோடு குழந்தையை எடுத்து என் கையில் கொடுத்தார்.